உறுமல் அண்ணன்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் தகரக் கூரை போட்ட ஷட்டில் கோர்ட் எங்கே இருந்தாலும், காலை ஐந்தரை மணி பேட்ச்சில் இவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். நெற்றியில் பட்டை, முழங்காலில் கேப், கையில் விலை உயர்ந்த ராக்கெட். ஒவ்வோர் அடிக்கும் "ஹே...ஊஹ்!" என்று ஓர் உறுமல். பால் பாக்கெட் போடும் பையன் யாருக்கு என்ன ஆச்சோ என்று வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தால், அவன் வேலைக்குப் புதுசு என்று அர்த்தம்.

அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசியே பழகிய தொண்டை. சர்வீஸுக்குச் சின்னதாக ஒரு கனைப்பு. ஸ்மாஷுக்கு அரை உறுமல். நெட்டை ஒட்டி மெதுவாகத் தட்டிவிடும் டிராப்புக்குத்தான் முழுத் தொண்டையும். காக் நெட்டில் மாட்டிக்கொண்டாலும் சத்தம் மட்டும் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிடும்.

"அண்ணே, கொஞ்சம் சவுண்டைக் குறைக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டால் ஒரு கேம் நேரம் போச்சு.

"மோனிகா செலஸ் தெரியுமா தம்பி? நம்பர் ஒன். 1992 விம்பிள்டன்ல தோஸியா ஒரு கம்ப்ளெயின்ட், நவ்ரதிலோவா ஒரு கம்ப்ளெயின்ட். பாவம், ஃபைனல்ல அந்தப் பொண்ணு வாயை மூடிக்கிட்டு ஆடுச்சு. ஸ்டெஃபி கிராஃப் 6-2, 6-1னு முடிச்சுட்டாங்க. ஷரபோவாவை 2005ல மீட்டர் வெச்சு அளந்தப்போ 101 டெசிபல். யாராவது கோர்ட்டை விட்டு வெளியே அனுப்பினாங்களா?"

"அது டென்னிஸ் அண்ணே, இது ஷட்டில்."

"மூச்சு ஒண்ணுதானேப்பா!"

நடால் அவருடைய துருப்புச்சீட்டு. 2008 சென்னை ஓப்பன் அரையிறுதி. நுங்கம்பாக்கத்தில் மோயாவோடு ஏறக்குறைய நான்கு மணி நேரம் மல்லுக்கட்டி நடால் ஜெயித்ததைக் கேலரியில் இருந்து பார்த்தாராம். "அடிக்கு அடி கத்துனாரு தம்பி!" என்பார். மறுநாள் ஃபைனலில் யூஸ்னியிடம் அதே நடால் 6-0, 6-1 என்று தோற்றாரே என்றால், அதற்கும் பதில் ரெடி: "முந்தின நாளே தொண்டை தீர்ந்துபோச்சுப்பா."

விஞ்ஞானமும் அண்ணன் கட்சிதான். பந்து அடிபடும் நொடியில் சத்தம் சேர்த்த வீடியோவைப் பார்த்தவர்கள், பந்து போகும் திசையைச் சொல்லத் தாமதித்தார்கள், தப்பும் அதிகம் செய்தார்கள் என்று 2010இல் ஓர் ஆய்வு வந்தது. நம் கோர்ட்டில் ஒரே ஒரு வித்தியாசம்: எதிராளிகளுக்குக் காது பழகிவிட்டது. திடுக்கிட்டுத் தடுமாறுவது அண்ணனுடைய பார்ட்னர்தான். அதனால்தான் அவருக்கு மாதம் ஒரு பார்ட்னர்.

டென்னிஸில் வேண்டுமென்றே கத்தி இடைஞ்சல் செய்தால் அம்பயர் பாயின்ட்டைப் பறிக்கலாம். இங்கே அம்பயர் என்று பார்த்தால், அடுத்த ஸ்லாட்டுக்காகப் பெஞ்சில் காத்திருப்பவர்தான். அவருக்குக் கண் கடிகாரத்தின் மேல். காக் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்தாலும், உறுமின வேகத்தில் "இன்!" என்று அண்ணனே சொல்லிவிடுவார். அந்தத் தொண்டையோடு யார் வாதாடுவது?

ஆகவே இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களே, தண்ணீர் வருமா, ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். மொட்டை மாடி ஏறி, அக்கம்பக்கத்தில் தகரக் கூரை தெரிகிறதா என்றும் பாருங்கள். அதையும் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மத்தியானம் புரோக்கர் காட்டும்போது எல்லா வீடும் அமைதியான வீடுதான்.