கடாரம் கொண்ட இறக்குமதியார்

1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழர் கடாரம் கொள்ளக் கடற்படை திரட்டி வர வேண்டியிருந்தது. அதே கடாரத்தை, இன்றைய கெடாவை, கலமும் படையும் இன்றி ஒரு பொத்தானின் அழுத்தத்தில் அடிப்படுத்தும் பெருவேந்தர் ஒருவர் உளர். இங்குள்ள நம் சங்கத்துப் பெயர்ப்பட்டியலுக்குள் சிஎஸ்வி கோப்பாக எழுந்தருளி, இருந்ததை எல்லாம் அழித்து அமரும் இறக்குமதியாரே அவர். அவர்தம் மெய்க்கீர்த்தியை நாத்தழும்பேறப் பாடுவோம்.

முதற்கண் அவர்தம் துறவு நெறி. சுங்கைப்பட்டாணியின் அஞ்சல் குறியீடு 08000, கூலிமுக்கு 09000, தொலைபேசி எண்ணுக்கு முன்னால் 04. முன்னே நிற்கும் சுழியம் வெறும் ஆடம்பரம் என ஒரே நோக்கில் உணர்ந்து, 8000 என்றும் 9000 என்றும் எளிமையாக்கி அருள்கிறார். 2001இல் பிறந்த பிள்ளையின் அடையாள அட்டை எண் 01 என்று தொடங்கும். அதன் பன்னிரண்டு இலக்கங்களையும் பதினொன்றாக இளைக்க வைக்கிறார். தோட்டத்து லயத்தில் பிறந்த தாத்தாவின் எண்ணையோ விண்மீன் தொலைவை எழுதும் அடுக்கெண்ணாக மாற்றி, வானியல் பேரேட்டிலேயே ஏற்றி வைக்கிறார். எந்த அரசர் எந்தக் குடிமகனுக்கு இத்தகைய ஏற்றம் தந்தார்?

அடுத்து அவர்தம் வரலாற்றுப் பற்று. பால்மரக் காடுகள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டபின், லூனாஸ், பாடாங் செராய், பீடோங் எனச் சிதறிய குடும்பங்களைச் சங்கச் செயலாளர் மாதக்கணக்கில் வீடு வீடாகத் தேடிப் போகிறார். தோட்டத்துப் பதிவேடான செக்ரோலில் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயரைத் திருத்துகிறார். இடிந்த லயத்தின் முகவரியை நீக்கிப் புது வீட்டு முகவரியைப் பதிகிறார். மறுநாள் பழைய கோப்போடு எழுந்தருளும் நம் வேந்தர், அந்த லயத்தை நொடியில் மீண்டும் கட்டி எழுப்பி, அதே குடும்பத்தை அதிலேயே குடியேற்றுகிறார். எந்த வீடமைப்புத் திட்டமும் இத்தனை விரைவில் வீடு தந்ததில்லை.

அவர்தம் சமநீதியோ மனுநீதிச் சோழரையும் நாணச் செய்யும். பட்டியலைப் புதுப்பிக்கும்போது பெயர்கள் மேலும் கீழும் இடம் மாறும். பக்கத்துக் கட்டத்தில் கையால் எழுதிய குறிப்பு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் ‘காலமானார்’ என்னும் குறிப்பு நேற்று கோயிலில் விளக்கேற்றியவருக்குக் கிடைக்கிறது. ‘உதவித்தொகை கொடுத்தாயிற்று’ என்பது ஒரு வெள்ளியும் காணாத கைம்பெண்ணுக்குக் கிடைக்கிறது. யாருக்கு எது உரியது என்ற பாகுபாடே இல்லாத இந்தப் பரந்த உள்ளம் வேறு யாருக்கு வரும்?

அன்னாரின் ஆட்சி கெடா எல்லையோடு அடங்குவதன்று. 2020இல் இங்கிலாந்தில், 65,536 வரிசைக்கு மேல் ஏற்காத பழைய கோப்பு வடிவத்தின் துணையோடு, 15,841 கொரோனா நோயாளிகளின் விவரத்தை அன்றாடக் கணக்கிலிருந்து மறைத்து அந்நாட்டின் கவலையைக் குறைத்தார்கள் அவர்தம் உறவினர். பெயரை அட்டவணை தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காகவே சில மனித மரபணுக்களுக்கு அறிவியலார் பெயர் மாற்றினர். மனிதர் எழுதியதை அட்டவணை மாற்றுவது எளியோர் தொழில். தாம் இட்ட பெயரை மனிதரே மாற்றும்படி செய்வது பேரரசர்க்கே உரியது.

ஆகவே சங்கத்தாரே, கோயில் நிர்வாகத்தாரே, பள்ளிப் பெற்றோரே! இத்தகைய வேந்தரின் திருவுள்ளம் நோகச் செய்யும் விஷமிகள் சிலர் நம்மிடையே நடமாடுகிறார்கள். அவர்கள் அடையாள அட்டை எண்ணை எழுத்தாகவே காப்பார்கள். அந்த எண்ணை வைத்தே ஆளை ஒப்பிட்டு, பட்டியலில் இல்லாதவரை மட்டும் அடியில் சேர்ப்பார்கள். கைத்திருத்தங்களைத் தனி அட்டவணையில் அதே எண்ணோடு பூட்டி, இறக்குமதி செய்யுமுன் ஒரு படியும் எடுத்து வைப்பார்கள். அவர்களைப் பொறுப்பில் அமர்த்திவிடாதீர்கள். அமர்த்தினால், உதவித்தொகை உரியவர் கைக்கே போய்ச் சேர்ந்துவிடும்.