கோடு போடத் தெரிந்தால் போதும்

பிளஸ் டூ ரிசல்ட் வரும் மாதத்தில் ஆலோசனை சொல்லாத தமிழன் உண்டா? என் பங்குக்கு நானும் சொல்லிவைக்கிறேன். தம்பி, தங்கை, ஜி.ஐ.எஸ். படியுங்கள். வரைபடமும் கம்ப்யூட்டரும் சேர்ந்த படிப்பு. சாட்டிலைட், டிரோன், ஜி.பி.எஸ். என்று நாலு வார்த்தை எடுத்துவிட்டால் சொந்தக்காரர்கள் இஸ்ரோவில் வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். நீங்களாகத் திருத்த வேண்டாம். படிப்பு முடிந்ததும் ஓசூரைத் தாண்டி பெங்களூருக்கு வந்துவிடுங்கள்.

வேலை கஷ்டமே இல்லை. அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநகராட்சியின் மழைநீர் வடிகால், மேன்ஹோல், மின்கம்பம், கேபிள் எல்லாம் வான்படத்தில் மங்கலாகத் தெரியும். அதன்மேல் மவுஸால் புள்ளி வைத்துப் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு இவ்வளவு என்று டார்கெட். கோடு கொஞ்சம் விலகினாலும் க்யூ.சி.யிலிருந்து திரும்பி வரும். உங்கள் பதவியின் பெயர் ஜியோஸ்பேஷியல் அனலிஸ்ட். எதையும் அனலைஸ் செய்யச் சொல்லி ஒருவரும் கேட்க மாட்டார்கள். நீங்களாகச் செய்தால் டார்கெட் போய்விடும்.

இப்படித்தான் ஒஹாயோவில் ஒரு தெருவில் பெய்யும் மழை எந்தக் குழாயில் இறங்கி எந்த ஓடையில் சேரும் என்று தருமபுரிப் பெண்ணுக்கு மனப்பாடமாகிறது. ஷிஃப்ட் முடிந்து இறங்கினால் சர்ஜாபூர் ரோட்டில் முழங்கால் தண்ணீர். அது எங்கிருந்து வந்தது, எங்கே போக வேண்டியது என்று ஒரு படம் போட்டுக் கொடம்மா என்று அவரிடம் எந்த அதிகாரியும் கேட்டதில்லை.

2022 செப்டம்பர் வெள்ளத்தை மறந்துவிட்டீர்களா? பெங்களூரில் எமலூர்ப் பக்கம் கோடீஸ்வரர்களின் வில்லாக்களில் கார்கள் மிதந்தன. ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் தொற்றிக்கொண்டு ஆபீஸ் போனார்கள். சில நாள் முன்பு, ஆகஸ்ட் 30 அன்று பெய்த மழையில் மட்டும் 225 கோடி ரூபாய் நஷ்டம் என்று வெளிவட்டச் சாலை நிறுவனங்களின் சங்கம் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதியது. உலகத்துக்கே வழிகாட்டும் ஆப் எழுதுகிற ஊர். தண்ணீருக்கு வழி எது என்று கேட்டால் முழித்தது. தெரியாமல் என்ன, பல இடங்களில் அந்த வழியின்மேல்தானே கட்டடம் நிற்கிறது! பிறகு கொஞ்ச நாள் புல்டோசர் ஊர்வலம் நடந்தது. சின்ன வீட்டுச் சுவர்கள் இடிந்தன. தண்ணீர் வடிந்ததும் அதிகாரிகளின் வேகமும் வடிந்துவிட்டது.

சரியான வரைபடம் இல்லை, அதனால்தான் இந்தக் கோளாறு என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். வரைபடத்துக்கு இங்கே பஞ்சமே வந்ததில்லை. 1799இல் திப்பு விழுந்த கையோடு கிழக்கிந்தியக் கம்பெனி செய்த முதல் வேலை மைசூரை அளந்ததுதான். அந்தப் போரில் இருந்த வில்லியம் லாம்டன் 1800இல் பெங்களூரில் நில அளவைக்கான அடிக்கோடு அளந்து பார்த்துவிட்டுத்தான் 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் போய்ப் பெரிய அளவையைத் தொடங்கினார். அவர் இழுத்த எஃகுச் சங்கிலி சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோனது. பேரரசர் வேண்டாம் என்று ஒதுக்கியது நம் தலையில் விழுந்தது. 1868இல் மறுபடி பெங்களூரில் அடிக்கோடு அளந்தார்கள். அதற்காக ஹென்னூர் - பாகலூர் சாலைப் பக்கம் கண்ணூரில் கட்டிய அளவைக் கட்டடம் ஒன்றரை நூற்றாண்டு நின்றது. 2024இல், மேப் கம்பெனிகள் தடுக்கி விழும் இந்த ஊரில், தரைமட்டமானது. இந்தியாவை அளந்த கல் அது. லண்டனில் இருந்திருந்தால் டிக்கெட் போட்டிருப்பார்கள்.

கிராம வரைபடங்களில் ஏரி, கரை, ராஜகாலுவே என்று கன்னடத்தில் சொல்லும் பெருங்கால்வாய் எல்லாம் சர்வே எண்ணோடு இருக்கின்றன. மாநிலத் தொலையுணர்வு மையம் 1986 முதல் இருக்கிறது. அதன் துணையோடு 2018இல் நில அளவைத் துறை திஷாங்க் என்றொரு ஆப்பையே வெளியிட்டது. போனைப் பிடித்துக்கொண்டு எந்த இடத்தில் நின்றாலும் அது எந்தச் சர்வே எண், அருகே ராஜகாலுவே போகிறதா, அரசு நிலமா என்று சொல்லிவிடும். ஐ.ஐ.எஸ்ஸி.யில் டி.வி. ராமச்சந்திராவின் குழு 1973 முதலான சாட்டிலைட் படங்களை அடுக்கிவைத்து, ஊரின் நீர்நிலையும் பசுமையும் எப்படிக் கரைந்தன என்று வருடக்கணக்கில் கத்திக்கொண்டிருக்கிறது. ஏரி, நில ஆக்கிரமிப்பை ஆராய லட்சுமண ராவ் குழு, ஏ.டி. ராமசாமி குழு, பாலசுப்ரமணியன் குழு, கோளிவாட் குழு என்று குழுக்களுக்கும் குறைவில்லை. ஏரி நிலத்தில் லே-அவுட் போட்டவர்களின் வரிசையில் பெங்களூரு வளர்ச்சி ஆணையமே நின்றது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில்தான் நீங்கள் வந்து இறங்கப்போகும் மெஜஸ்டிக் பஸ் நிலையம். சம்பங்கி ஏரியில் கண்டீரவா ஸ்டேடியம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர்கள் ஏரியில் போட்டார்கள், அதுவும் நன்றாக அளந்து.

இதே ஊரில் இஸ்ரோவின் தலைமையகம் இருக்கிறது. இங்கே உருவான கார்டோசாட்-3, 2019இல் மேலே போனது. தரையில் 25 சென்டிமீட்டர் பொருளைக்கூடப் பிரித்துக் காட்டும் கண் அதற்கு. 2017 பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்து எரிந்தபோதோ சாட்டிலைட்டே தேவைப்படவில்லை. பக்கத்து மாடியில் நின்றாலே புகை தெரிந்தது. எரிந்தது தண்ணீர், ஐயா! தண்ணீர் எரிந்த ஊரில் யார் வேலை போனது?

படத்தை வரைவதில் இல்லாத பயம் நம் அரசுகளுக்கு அதை நாலு பேர் பார்ப்பதில் உண்டு. 2013இல் கூகுள் ஒரு மேப் போட்டி நடத்தியது. ஜனங்கள் தம் ஊர் ஆஸ்பத்திரியையும் கடையையும் குறித்தார்கள். சர்வே ஆஃப் இந்தியா போலீசில் புகார் கொடுத்து, விஷயம் சி.பி.ஐ. வரை போனது. 2016இல் மத்திய அரசு ஒரு மசோதா வரைவை வெளியிட்டது: அனுமதியில்லாமல் புவித்தகவல் திரட்டினால் 100 கோடி ரூபாய்வரை அபராதம், 7 ஆண்டுவரை சிறை. எதிர்ப்பு கிளம்பியதும் அது கிடப்புக்குப் போனது. 2021 பிப்ரவரியில்தான் ஞானோதயம் பிறந்து விதிகளைத் தளர்த்தினார்கள். அதுவரை நம் ஏரிக்கால்வாய் எங்கே ஓடுகிறது என்பது எதிரி நாட்டுக்குத் தெரியக்கூடாத ரகசியம். பில்டருக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

படிப்பு எப்படி இருக்கும் என்று சொல்லவில்லையே. ஜி.ஐ.எஸ்ஸின் ஐந்து கூறுகள் யாவை என்பது முதல் கேள்வி. வன்பொருள், மென்பொருள், தரவு, மனிதர், வழிமுறை. மனிதர் நாலாவது என்பதை நினைவில் வையுங்கள். இந்தத் துறையில் மனிதருக்கு அதற்கு மேல் இடம் கிடைக்கப்போவதில்லை. லேபில் பல கல்லூரிகள் இன்னும் ஆர்க்மேப் சாஃப்ட்வேரைத் திறந்து எந்தப் பட்டனுக்குப் பிறகு எந்தப் பட்டன் என்று ரெக்கார்ட் நோட்டில் எழுதச் சொல்கின்றன. அதைச் செய்த அமெரிக்கக் கம்பெனியோ 2026 மார்ச் 1 முதல் அதற்கு ஓய்வு என்று எப்போதோ அறிவித்துவிட்டது. 2002இல் தொடங்கி இன்றுவரை இலவசமாகக் கிடைக்கும் க்யூஜிஸ் இருக்க, திருட்டு லைசென்ஸில் பாடம் நடக்கிறது. பயிற்சிக்குத் தருவது சாஃப்ட்வேரோடு வந்த வெளிநாட்டு ஊரின் டேட்டா. காலேஜ் சுவருக்கு அந்தப் பக்கமே ஏரி நாறினாலும் அதன் படத்தைத் திறப்பதில்லை. திறந்தால் சுவரும் அதில் தெரிந்துவிடுமோ என்னவோ.

வாத்தியாரைத் திட்டி என்ன பயன்? அவரே பல இடங்களில் கெஸ்ட் லெக்சரர். மணிக்கணக்கில் கூலி, விடுமுறையில் அதுவும் கிடையாது. அவரிடம் போய்ப் பிள்ளைகளுக்குத் துணிச்சல் கற்றுக்கொடுங்கள் என்றால் சிரிப்பார். 1794இல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் சர்வே பள்ளி ஆரம்பித்தபோது கம்பெனிக்கு வேண்டியிருந்தது சொன்ன இடத்தில் அளந்து, சொன்ன கோட்டைப் போட்டு, சம்பளத்தைப் பற்றி வாய் திறக்காத பையன்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. பள்ளி மாறிவிட்டது. கம்பெனிகளின் தேவை அப்படியே இருக்கிறது.

அரசு வேலைக்குப் போனால் தேசத்துக்கு உழைக்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். போகலாம். ஒப்பந்தப் பணி, ஏஜென்சி வழியாக. ஆக்கிரமிப்பு லேயரை நீங்கள் பொறுப்பாகத் தயார் செய்வீர்கள். சாஹேபரு என்கிற அதிகாரி அதை ஏ0 தாளில் கலர் பிரிண்ட் எடுத்து அறையில் மாட்டுவார். உங்கள் கோட்டுக்கு உள்ளே யாருடைய கல்யாண மண்டபம் வருகிறது என்று தெரிந்த மறுநாள், டேட்டா இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்று குறிப்பு எழுதப்படும். உங்கள் ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு சரிபார்க்கப்படும்.

கடைசியாக, பஃபர் என்ற கட்டளையை மட்டும் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள்; இந்த ஊரில் சோறு போடுவது அதுதான். ஏரியின் கரையைத் தேர்ந்து, பெட்டியில் எத்தனை மீட்டர் என்று எண் போட்டு ஓ.கே. அழுத்தினால் ஏரியைச் சுற்றி ஒரு வளையம் விழும். வளையத்துக்குள் கட்டக்கூடாது. 2016 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்தப் பெட்டியில் 75 என்று போட்டது. கட்டுமான முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மாஸ்டர் பிளானை மாற்ற தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை என்று 2019 மார்ச்சில் அந்த 75 அடிபட்டது. பழைய 30 திரும்பியது. 2025இல் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு அந்த 30ம் உறுத்தியது. எல்லா ஏரிக்கும் ஒரே அளவு வேண்டாம், பரப்புக்குத் தக்கபடி இருக்கட்டும், சின்ன ஏரிக்குச் சின்ன வளையம் என்று மசோதா நிறைவேற்றினார்கள்.

பரப்பை எதை வைத்து அளப்பது? பாட்டன் காலத்துக் கிராமப் படத்திலா, இன்று மிச்சமிருக்கும் குட்டையிலா? குட்டையில் என்றால், ஏரியில் பாதியைத் தூர்த்துவிட்டு அளக்க ஆள் கூப்பிடுகிறவனுக்கு வளையமும் தானாகச் சுருங்கிக் கொடுக்கும். விதி எழுதியவர்களுக்கு ஜி.ஐ.எஸ். தெரியாது என்று மட்டும் எவரும் சொல்லிவிடாதீர்கள்.