நாலு விரல்

ஒரகடத்தில் கலைக்கு வருடத்துக்கு ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மார்ச் 4-இல் தொடங்கும் சேஃப்டி வாரம். 1966-இல் அந்தத் தேதியில்தான் தேசியப் பாதுகாப்பு கவுன்சில் பிறந்தது. அதன் புண்ணியத்தில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லம் வடகால் வரை கம்பெனிக்குக் கம்பெனி கொடி ஏறும், உறுதிமொழி எடுப்பார்கள், நோட்டீஸ் போர்டில் சுலோகப் போட்டி, போஸ்டர் போட்டி என்று தாள் ஒட்டுவார்கள். மிச்ச 51 வாரமும் நாங்கள் மைக்ரான் எண்ணுகிறவர்கள்.

நான் குவாலிட்டி. குவாலிட்டிக்காரனுக்குக் கற்பனை வந்தால் கஸ்டமருக்குக் காய்ச்சல் வரும். ஆனாலும் கை சும்மா இருப்பதில்லை. அம்மா பைண்டு பண்ணி வைத்திருந்த தொடர்கதைகளில் ஓவியர்கள் கோபுலுவையும் மாருதியையும் பார்த்துப் பார்த்துப் போட்டு வளர்ந்த கை. அந்தக் கதைகளில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. மாருதி வரைந்த பெண்களின் கண் மட்டும் ஞாபகம்.

போன வருடப் போஸ்டருக்கு இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். ஹெல்மெட் போட்ட தொப்பை மாமா ஒருவர் உள்ளங்கையை விரித்து ‘நில்’ என்கிறார். சேஃப்டி ஆபீசர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு எண்ண ஆரம்பித்தார்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இன்னொரு விரல் எங்கய்யா?”

“கார்ட்டூன் சார். மிக்கி மவுஸுக்கே நாலுதான்.”

ஆயிரக்கணக்கில் படம் போடும்போது ஆளுக்கு ஒரு விரல் குறைந்தால் எவ்வளவு கோடு மிச்சம், நம் பாஷையில் அதுதான் கைசன் என்றும் விளக்கினேன்.

“மிக்கி மவுஸ் நம்ம பிரஸ் ஷாப்ல வேலை பாக்கலயே!”

அதற்கு மேல் நான் பேசவில்லை. இரண்டு பட்டனையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்று எதற்காக வைத்திருக்கிறார்கள்? ஒரு கை சும்மா இருந்தால் அது டைக்குள் போகும். நாலு விரல் கையோடு பீடி பற்றவைக்கிறவரை இந்தப் பக்கத்து டீக்கடைகளில் நான் பார்த்திருக்கிறேன். ஆறுதல் பரிசாக ஒரு தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு திரும்பினேன். பக்கவாதத்தில் வலது கை முடங்கிய பிறகு கோபுலு இடது கையால் வரைந்தாராம். எனக்குப் போனது ஒரு விரல்தானே என்று தேற்றிக்கொண்டேன்.

அடுத்த படம் ஐந்து விரலோடு வந்தது. அம்பத்தூரிலிருந்து வந்து சேர்ந்த டூல் ரூம் பெரியவர் ரிட்டயர் ஆனார். அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்து, கேன்டீன் வடையை அவர் வெர்னியரால் அளப்பதுபோல் போட்டேன். கையெழுத்துக்காக மூன்று ஷிஃப்டும் சுற்றி அட்டை திரும்பி வந்தபோது படத்தைத் தேட வேண்டியிருந்தது. அவ்வளவு எண்ணெய்க் கைரேகை. நைட் ஷிஃப்டில் யாரோ ‘வடை அளவு குறைவு, ரீவொர்க்’ என்று எழுதி, அதன் மேலேயே பச்சை ஓகே டேக்கும் கட்டியிருந்தார்கள். பெரியவர் வாங்கியதும் பழக்க தோஷத்தில் மூலைமட்டம் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். “இது கிரீஸு, கிரேன்காரன். இது கட்டிங் ஆயில், லேத்துத் தம்பி.” கையெழுத்தை அவர் படிக்கவே இல்லை.

சங்கீதமும் உண்டு. லைனில் ஒரு தம்பி, வெளியே லைட் மியூசிக்கில் ரிதம் பேட் வாசிக்கிறவன். இயர் பிளக் போட்டுக்கொண்டே ஒருநாள், “அண்ணே, மூணாம் நம்பர்ல தாளம் தப்புது” என்றான். காதை அடைத்துக்கொண்டு எப்படிடா கேட்டது? “கால்ல கேக்குதுண்ணே.” மெயின்டனன்ஸ் வந்து பார்த்தால் அடியில் ஒரு போல்ட் லூஸ். ஆலோசனைப் பெட்டியிலிருந்து அவனுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தார்கள்.

ஆடிக் கிருத்திகையன்று அவன் வயிற்றுப்போக்கு என்று லீவு சொன்னான். சாயங்காலம் வல்லக்கோட்டை முருகன் கோயில் கூட்டத்தில் எங்கள் கம்பெனி பஸ் மாட்டிக்கொண்டது. தள்ளி ஒரு தெருவில் மேடை, சீரியல் பல்பு, பத்து விரலும் பறக்கப் பேஷன்ட் வாசித்துக்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரனை நிறுத்தினார். பஸ்ஸில் ஹெச்.ஆர். ஆளும் இருந்தார், அவர் ஜன்னல் கம்பியில் தாளம் போட்டதை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். லீவு சாங்ஷன் ஆனது.

இந்த மார்ச்சில் முதல் பரிசு ஹாட்பாக்ஸ். வாங்கியவர் பென்சிலே தொடவில்லை. செல்போனில் நாலு வார்த்தை தட்டினாராம், பளபளவென்று போஸ்டர் வந்துவிட்டது. ரோபோ, பின்னால் சூரிய உதயம், கை உயர்த்திய தொழிலாளி. அந்தக் கையை எண்ணினேன். மறுபடியும் எண்ணிவிட்டு, சேஃப்டி ஆபீசரைக் கையோடு கூட்டிவந்து நிறுத்தினேன்.

அவரும் எண்ணினார். ஆறு.

“கூட இருந்தா பரவால்லய்யா,” என்றார். “கொறயக் கூடாது.”