வெளிச்சம் வாங்கப் போற தம்பிக்கு

என்னா தம்பி, வெலிமடை டவுனுக்கு அலங்கார லைட்டு போடப் போறீங்களாமே? போன்ல படமும் காட்டுற. இரும்புக் கம்பம், அதுல பூ வேலைப்பாடு, உச்சியில கண்ணாடி உருண்டை. தொரை பங்களா வாசல்ல கூட இந்த ஜோடிப்பு கெடையாதுப்பா! சோலாரா கரண்டான்னு கமிட்டி ரெண்டா உடைஞ்சு கெடக்குன்னு வேற சொல்ற. பொண்ணே பார்க்கல, அதுக்குள்ள பிள்ளைக்குப் பேர் வைக்கச் சண்டையா?

முதல்ல அந்த உருண்டையைப் பாரு. அதுல பாதி வெளிச்சம் மேல போகுது. மேல யாருப்பா நடக்குறா, வௌவாலா? மார்கழியில மூடுபனி இறங்குனா உருண்டையைச் சுத்தி வெள்ளைப் புகைதான் தெரியும். ரோட்டுல கெடக்குற குழி தெரியாது. லைட்டுக்கு மேல ஒரு மூடி போட்டு வெளிச்சத்தைக் காலடிக்கு எறக்கு. அழகு கம்மியாத்தான் இருக்கும். காலு உடையாது.

சரி, சோலாருக்கு வருவோம். வெயிலுக்கு பில்லு வராதுங்குற. வாஸ்தவம். ஆனா அந்த சோலார் லைட்டுப் பெட்டி மேல என்னா எழுதியிருக்கு? 300 வாட். பெனல் எம்புட்டு? சோத்துத் தட்டு அளவு. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பெனலே உச்சி வெயில்ல ஏறக்குறைய 200 வாட்தான் தரும். சோத்துத் தட்டு 300 தருமா? ஸ்டிக்கர் ஒட்டுனவனுக்குச் சிரிப்பு வந்திருக்கும். உனக்கு ஏன் வரல?

கணக்கு நான் சொல்றேன், கேளு. 30 வாட் எல்.ஈ.டி. ஒண்ணு ராத்திரி 12 மணித்தியாலம் எரிஞ்சா மூணுல ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல தின்னும். மூணு நாளு வெயில் வராட்டி? ஒரு யூனிட்டுக்கு மேல பெட்டரியில இருக்கணும். லொறிக்குப் போடுற 100 ஆம்பியர்-அவர் பெட்டரியை முழுசா உறிஞ்சினாத்தான் அம்புட்டு வரும். அப்படி அடிக்கடி உறிஞ்சினா அதுவும் சீக்கிரம் செத்துரும். லித்தியம் கொஞ்சம் கூட நாள் தாங்கும். அதுக்கும் ஒரு நாள் சாவு இருக்கு. வெயில் காசு கேக்காதுப்பா, பெட்டரி கேக்கும்.

நம்ம ஊரு வானம் வேற ரெண்டு மொகம் காட்டும். ஆடி ஆவணியில மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும், இந்தப் பக்கம் காய்ஞ்ச காத்து அடிக்கும். ஊவா தேயிலைக்கு வாசம் ஏறுறதே அப்பத்தான். அந்த நேரத்துல சோலார் விக்கிறவன் வந்து போட்டுக் காட்டுவான். பளபளன்னு எரியும். நீயும் கையெழுத்து வச்சிருவ. ஐப்பசி, கார்த்திகையில மழை புடிச்சிக்கிட்டா ஏழு மணிக்கு எரிஞ்சது ஒன்பது மணிக்குக் கண்ணைச் சிமிட்டும். அப்ப அவன் போனை எடுப்பான்னு நெனைக்கிறியா?

அதுக்காகக் கரண்டுக்காரன் மீசையை முறுக்க வேணாம். கரண்ட் எடுக்க உமா ஓயா ஆத்தை புஹுல்பொலயில மறிச்சு, மலையைக் கொடைஞ்சு தண்ணியைக் கொண்டு போனாங்க. பண்டாரவளைப் பக்கம் கெணறு வத்துச்சு, வீடு வெடிச்சிச்சு. 2024 ஏப்ரல்ல ஈரான் ஜனாதிபதியே வந்து தொறந்து வச்சாரு. 120 மெகாவாட். தண்ணி நம்மளது, வெளிச்சம் நாட்டுக்கே. சந்தோசம். ஆனா 2022 மார்ச்சுல என்னா நடந்துச்சு? ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. தெரு லைட்டையே அணைக்கச் சொன்னாங்க. 2025 பெப்ரவரி 9 ஆந் தேதி பாணந்துறையில ஒரு குரங்கு டிரான்ஸ்போமர்ல பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போச்சுன்னு அமைச்சரே சொன்னாரு. நம்ம மலையில குரங்குக்கா பஞ்சம்?

அதே வருசம் சித்திரைப் புத்தாண்டு லீவுல மின்சார சபை இன்னொண்ணு கேட்டுச்சு. கூரையில சோலார் வச்சிருக்கவங்க பகல்ல அதை அணைச்சு வைங்கன்னு. ஏன்? பெக்டரி பூட்டு, வாங்க ஆளில்ல, வெயில் மட்டும் கூடிப்போச்சு. பார்த்தியா தம்பி, பகல்ல கரண்ட் மிச்சம், பொழுது சாஞ்சா பத்தாக்குறை. தெரு லைட்டு எரியிறது எந்த நேரம்? பத்தாக்குறை நேரம். பகல் வெயிலை ராத்திரிக்கு எடுத்து வைக்கிறதுலதான் சோலார் தெரு லைட்டோட புத்திசாலித்தனமே இருக்கு. அதுக்குத்தான் பெட்டரி பெருசா வேணும்னு கத்துறேன். 2025 கார்த்திகையில டித்வா புயல் வந்து பதுளை மாவட்டத்துல மலை சரிஞ்சப்ப ரோட்டும் போச்சு, கரண்டும் போச்சு. வானத்துல வெயிலும் இல்ல. அன்னைக்கு எரிஞ்சிருக்கும்னா பெட்டரி பெருசா இருந்த லைட்டுதான்.

அப்ப எதைப் போடுறதுங்குறியா? டவுனுக்குள்ள கம்பி தலைக்கு மேல ஓடுது. பஸ் ஸ்டாண்டுக்கும் கடைத்தெருவுக்கும் அந்தக் கம்பியிலயே எல்.ஈ.டி. மாட்டு. பட்டப்பகல்ல எரியாம சுவிட்சைப் பார்த்துக்க. லயத்துக்கு ஏறுற குறுக்குப் பாதையில கரண்ட் போஸ்ட்டே இல்ல. டியூஷன் முடிஞ்சு வர்ற புள்ளையும் கடைசி பஸ்ல எறங்குற பொம்பளையும் போனைப் புடிச்சுக்கிட்டு அதுலதான் ஏறுதுங்க. அந்தப் பாதைக்குப் போடு சோலாரை. பெருசா பெனல், பெருசா பெட்டரி. பக்கத்துல டர்ப்பன்டைன் மரம் நெழல் விழுந்தா கம்பத்தைத் தள்ளி நடு. பூ வேலைப்பாடு மிஞ்சுன காசுல பார்த்துக்கலாம். அந்தப் பாதைக்கு அமைச்சர் வரமாட்டாரு, போட்டோவும் வராதுன்னு கமிட்டியில யாராவது முனகுவாங்க. முனகட்டும்.

கடைசியா ஒரே ஒரு கேள்வி. மூணு வருசம் கழிச்சு பெட்டரி செத்தா, பெனல்ல பாசி புடிச்சா, யாரு ஏறுவா? பிரதேச சபைதான்னு பொதுவா இழுக்காதே. ஆள் பேரைச் சொல்லு. பெட்டரி வாங்க எந்தக் கணக்குல காசுன்னு சொல்லு. சொல்ல முடியாட்டி ரெண்டும் ஒண்ணுதான், சோலாரும் அவியும், கரண்டும் அவியும். சொல்ல முடிஞ்சா எதை மாட்டினாலும் எரியும். தொறப்பு விழாவுக்கு ரிப்பனும் மேளமும் பேசி வச்சிருக்கீங்களாமே? அந்தக் காசுல நல்லதா ஒரு ஏணி வாங்கு.