உட்கார்ந்து கேட்கும் ஸ்விங்

2000 பிறந்தால் கம்ப்யூட்டர்கள் தேதியில் குழம்பும் என்ற ஒய்2கே பயத்தின் புண்ணியத்தில் 1998-இல் லாஸ் ஏஞ்சலிஸில் போய் இறங்கிய கம்ப்யூட்டர்காரர்களில் நானும் ஒருவன். எதிர்காலத்தைப் பார்க்கப் போனவன் கண்ணில் பட்டதெல்லாம் 1943. அந்தக் காலத்து ஸ்விங் நடன இசை திரும்பி வந்திருந்தது. என் வயசுப் பையன்கள் தாத்தா காலத்துத் தொப்பியும் கறுப்பு வெள்ளை ஷூவும் மாட்டிக்கொண்டு லாஸ் ஃபெலிஸில் ‘டெர்பி’ கிளப் வாசலில் நின்றார்கள். ‘ஸ்விங்கர்ஸ்’ படத்தில் பிக் பேட் வூடூ டாடி குழு வாசிக்குமே, அந்த இடம். உள்ளே டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து கிளம்பினால் கையிலிருக்கும் கிளாஸ் அதிரும்.

டிவியில் கேப் துணிக் கம்பெனி விளம்பரம். லூயி ப்ரிமாவின் 1956-ஆம் வருஷத்துப் பாட்டுக்குக் காக்கிப் பேன்ட்காரர்கள் ஜோடியைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள். அதே காக்கிப் பேன்ட்டில்தான் நாங்கள் கோபால் மொழிப் புரோகிராம்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். ஒருவரும் குதித்ததாக நினைவில்லை.

அப்போதைய ஹிட் பாட்டு, ‘ஜூட் சூட் ரயட்’. முழங்கால் வரை கோட்டு, கணுக்காலில் மட்டும் இறுகும் தொளதொளப் பேன்ட்: அதுதான் ஜூட் சூட். போருக்காகத் துணியை மிச்சம் பிடிக்கச் சொன்ன நேரத்தில் இதென்ன ஊதாரித்தனம் என்று, 1943 ஜூனில் இதே ஊர்த் தெருக்களில் கடற்படை ஆட்கள் மெக்சிக வம்சத்துப் பையன்களை அடித்து உடையை உருவினார்கள். போலீஸ் பிடித்துப்போனது பெரும்பாலும் அடி வாங்கியவர்களை. 55 வருஷம் கழித்து அந்தக் கலவரத்தின் பேரில் காசு கொடுத்து உள்ளே போய் ஆடினோம்.

இந்தக் கும்மாளத்துக்கெல்லாம் மூலவர் லூயி ஜோர்டன். பெரிய வாத்தியக் கோஷ்டிகளைக் கட்டி மேய்ப்பது கஷ்டமான காலத்தில், ஏழெட்டுப் பேருக்குள் அதே சத்தத்தைக் கிளப்பியவர். ஜம்ப் ப்ளூஸ் என்ற இசை அப்படி வளர்ந்ததுதான். 1946-இல் அவருடைய ‘சூ சூ ச்பூகி’ கறுப்பர் இசைப் பட்டியலில் 18 வாரம் முதலிடம். அவரைப் பதிவு செய்த மில்ட் கேப்ளரே 1954-இல் பில் ஹேலியின் ‘ராக் அரவுண்ட் தி கிளாக்’கையும் பதிவு செய்தார். ராக் அண்ட் ரோல் வந்தது, ஜோர்டன் ஓரங்கட்டப்பட்டார். டெர்பியில் என்னோடு ஆடியவர்களிடம் அவர் பேரைச் சொன்னால், எந்தக் குழுவில் வாசிக்கிறார் என்பார்கள்.

டெர்பி கட்டடத்தில் பிறகு வங்கி வந்துவிட்டது. வூடூ டாடிக்காரர்கள் இன்னும் ஊர் ஊராக வாசிக்கிறார்கள். பல ஊர்களில் நம்பர் போட்ட நாற்காலி அரங்குகளில். போன வருஷம் போனேன். கூட்டம் முழுக்க என் வயசு. மாத்திரை டப்பா தெரிகிற சட்டைப் பைகள். வாசிப்பில் குறையே இல்லை. ஒரு தம்பதிக்குக் கால் நிற்காமல் நடைபாதைக்கு வந்து ஒரு சுற்றுச் சுற்றினார்கள். டார்ச்சோடு ஒரு பையன் ஓடிவந்தான். வழியை மறிக்கக் கூடாது, தீயணைப்பு விதி என்றான். உட்கார்ந்தபடி கைதட்டத் தடையில்லையாம்.