ஆறுதல் திலகம்

துயருற்றவரைத் தேடிச் சென்று தேற்றுவதையே வாழ்நாள் பணியாக மேற்கொண்ட ஒருவகை மனிதர் தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவராகவும், ஒரு பழைய ஸ்கூட்டருக்கு உரிமையாளராகவும், எந்த மருத்துவமனையில் எத்தனையாவது மாடியில் லிஃப்ட் பழுதாகிக் கிடக்கிறது என்பது வரை அறிந்தவராகவும் விளங்கும் இவருக்கு, ஆய்வு வசதி கருதி, ஆறுதல் திலகம் என்று பெயரிடலாம். அவருடைய நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஐயமெல்லாம் அவர் வந்து போன பிறகு நோயாளிக்கு ஏறும் இரத்த அழுத்தத்தைப் பற்றியதே.

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்பட்டுப் பிறருக்குப் புலனாகும் நிலையை மெய்ப்பாடு என்று குறிக்கும் தொல்காப்பியம், அவற்றுள் ஒன்றாகிய அழுகை பிறப்பதற்கு நான்கு காரணங்களை வகுக்கிறது: பிறரால் இகழப்படுவதாகிய இளிவு, உயிரையோ பொருளையோ பறிகொடுப்பதாகிய இழவு, முன்னிருந்த நல்ல நிலையிலிருந்து தாழ்வதாகிய அசைவு, வறுமை. ஆறுதல் திலகம் இந்நான்கையும் ஒரே வருகையில் நிறைவு செய்யவல்லவர். இழவு விசாரிக்க வந்தவர், "எப்படி இருந்த குடும்பம்!" என்று அசைவை நினைவூட்டி, "ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு ஆச்சு? இன்ஷூரன்ஸ் போடலையா?" என்று வறுமைக்கு வழிகாட்டி, "அன்னிக்கே டாக்டரை மாத்தச் சொன்னேன், யார் கேட்டீங்க?" என்று இளிவில் கொண்டுபோய் முடிப்பார்.

மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் தொடங்குவதற்குக் கால் மணி முன்னதாகவே, ஒரு கையில் சாத்துக்குடிப் பையும் மறு கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக அவர் கதவருகே நின்றுகொண்டிருப்பார். (நோயாளிக்குச் சர்க்கரை நோய் என்பது அவருக்குத் தெரியும், ஆயினும் வெறுங்கையுடன் வருவது முறையன்று.) உள்ளே நுழைந்ததும் நோயாளியின் முகத்தை உற்றுப் பார்த்து, நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்து 'ச்சொ' என்றோர் ஒலியெழுப்பி, "என்ன சார் இப்படி இளைச்சுட்டீங்க, அடையாளமே தெரியலையே" என்பார். அடுத்து, கட்டிலின் கால்மாட்டில் இருக்கும் ஃபைலைக் கேளாமலேயே எடுத்துப் புரட்டி, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளாகிய கிரியாட்டினின் 1.4 என்றிருப்பதில் விரலை வைத்து நிறுத்தி, ஒன்றும் சொல்லாமல் மூடி வைப்பார். அவர் வாய்திறவாத அந்த ஒரு கணம் அவருடைய பேச்சு முழுவதையும்விட அதிகமாகக் கலங்கடிக்கும். பிறகு, "பயப்படாதீங்க, எங்க சித்தப்பாவுக்கும் இதேதான் இருந்துச்சு" என்று தொடங்குவார். சித்தப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்காத நோயாளிகள் விரைவில் குணமடைகின்றனர்.

அமெரிக்க மனநல மருத்துவர்களான தாமஸ் ஹோம்ஸும் ரிச்சர்டு ராஹேயும் 1967-இல் 43 வாழ்க்கை நிகழ்வுகளைத் தொகுத்து, அவை ஒவ்வொன்றும் தரும் மன உளைச்சலுக்கு மதிப்பெண் வழங்கினர். வாழ்க்கைத் துணையின் இறப்புக்கு 100, திருமணத்துக்கு 50, விடுமுறைக்குக்கூட 13 என அப்பட்டியல் செல்கிறது. ஆறுதல் திலகத்திடமும் அத்தகைய அளவுகோல் ஒன்று உண்டு. ஆனால் அதில் எதிரே இருப்பவர் தேர்ச்சி பெறுவதே இல்லை. வேலை போனவரிடம் வேலையோடு வீடும் போனவரைப் பற்றியும், கால் முறிந்தவரிடம் காலையே எடுக்க நேர்ந்தவரைப் பற்றியும் விரிவாக எடுத்துரைத்து, "அதைப் பார்க்கும்போது இதெல்லாம் ஒண்ணுமேயில்ல" என்று அவர் எழும்போது, கேட்டவருக்குப் பழைய துயரம் அப்படியே இருக்க, இவ்வளவு சிறிய துயரத்துக்கு வருந்திவிட்டோமே என்ற குற்றவுணர்வும் புதிதாகச் சேர்ந்திருக்கும்.

கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்டு ஃபார்சனும் 1957-இல் எழுதி விளக்கிய ஊன்றிக் கேட்டல் என்னும் முறை, அறிவுரையும் தீர்ப்பும் கூறாமல், பேசுபவர் சொல்வதையும் சொல்லின் அடியிலுள்ள உணர்வையும் உள்வாங்கி, புரிந்துகொண்டதை அவருக்கே உணர்த்துவதாகும். ஆறுதல் திலகத்துக்கு இது கைவராது. மௌனம் சற்று நீண்டால் எதிரே இருப்பவரின் துயரம் தம்மையும் தொட்டுவிடுமோ என்று அஞ்சித்தான் அவர் பேசுகிறார். அவர் வாரி வழங்கும் 'கவலைப்படாதீங்க' அனைத்தும் முதலில் அவருக்கே தேவைப்படுபவை. இந்த அச்சத்தை முன்னோர் அறிந்திருந்தனர் என்றே தோன்றுகிறது. பல ஊர்களில் சாவு வீட்டுக்குச் செல்லும் ஆண்கள் உரியவரின் கைகளைத் தொட்டுவிட்டு, வார்த்தையின்றிப் பெஞ்சில் அமர்வர். பெண்கள் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுவர். அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் உறவினர் வீட்டிலிருந்து சோறு வரும். புறப்படும்போது 'போயிட்டு வர்றேன்' என்று எவரும் சொல்வதில்லை. என்ன பேசுவது என்று தெரியாதவரைப் பேச்சிலிருந்தே விடுவித்த ஏற்பாடு இது. இவற்றுள் கடைசியை மட்டும் ஆறுதல் திலகம் சிறிதும் பிறழாமல் கடைப்பிடிக்கிறார்: அவர் போவதே இல்லை.

எனினும் அவரை வெறுத்து ஒதுக்குவது நன்றி கொன்ற செயலாகும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதும், வாரிசுச் சான்றிதழ் வழங்குபவர் தாசில்தார் என்பதும், எந்தப் படிவத்துக்கு எத்தனை போட்டோ, எத்தனை ஜெராக்ஸ் என்பதும் அழுதுகொண்டிருக்கும் வீட்டில் எவருக்கும் நினைவிருப்பதில்லை; அவருக்கு இருக்கும். கால்கடுக்க வரிசையில் நின்று, எழுத்தரோடு மல்லுக்கட்டி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வரும்வரை அவர் சித்தப்பாவை ஒருமுறைகூட நினைப்பதில்லை. ஆகவே, வாசலில் அவர் ஸ்கூட்டரை நிறுத்தும் ஓசை கேட்டதும் துயருற்ற குடும்பத்தார் செய்யத்தக்கது ஒன்றே: நாற்காலியை எடுத்துப் போடுவதற்கு முன், விண்ணப்பப் படிவத்தை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.