பக்கத்து வீட்டு ஈயப் பட்டறை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே விஸ்கான்ஸினில் நாங்கள் நலம். பக்கத்து வீட்டுத் தாத்தா கராஜில் உட்கார்ந்து துப்பாக்கிக் குண்டு வார்க்கிறார் என்று நான் போனில் சொன்னதிலிருந்து பெரியம்மா தூங்குவதில்லையாமே. இந்தக் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். கோயிலுக்கு நேர்ந்துகொண்டதை மட்டும் நிறுத்த வேண்டாம்; புண்ணியம் வீண்போகாது.

தாத்தா வார்ப்பது தோட்டாவின் முனையில் உட்காரும் ஈயக் குண்டு மட்டும்தான். வெடிமருந்தும் கேப்பும் வேறு மேஜை, வேறு நாள். சொந்த உபயோகத்துக்கென்றால் இதற்கு அமெரிக்க மத்திய அரசின் உரிமம்கூட வேண்டாம். நம் ஊரில் 1959 ஆயுதச் சட்டம் இருக்கும்போது மொட்டை மாடியில் இதை ஆரம்பித்தால் சாயங்காலமே ஜீப் வந்து நிற்கும். இங்கே பொழுதுபோக்கு.

மின்சாரக் கொப்பரை ஒன்று வைத்திருக்கிறார், 20 பவுண்டு பிடிக்கும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு மேலும் கொஞ்சம் சூடேற்றி, மெழுகுத் துண்டைப் போட்டுக் கிளறுவார். குப்பென்று புகை, மேலே தீ. மிதக்கும் அழுக்கைப் பழைய கரண்டியால் வழித்துவிட்டால் அடியில் ஈயம் முகம் பார்க்கலாம்போலத் தெளிந்து கிடக்கும். அச்சு என்பது மரப்பிடி போட்ட இரண்டு அலுமினியக் கட்டிகள். அதுவும் உள்ளூர்ச் சரக்குதான்: இதே மாநிலத்தில் ஹார்ட்ஃபர்டு என்ற ஊரில் லீ கம்பெனி செய்வது. கொப்பரையின் மூக்குக்கு அடியில் அச்சைப் பிடித்து நிரப்புகிறார். மேல்தகட்டில் தேங்கிய சொட்டு பளபளப்பு போய் மங்கும்வரை காத்திருந்து, மரக்கட்டையால் தகட்டில் ஒரு தட்டு. வால் அறுந்துவிடும். அச்சைத் திறந்தால் மடித்த துண்டின் மேல் குண்டு ‘தொப்’பென்று விழும். முதல் சில ஈடுகள் சுருக்கம் சுருக்கமாகத்தான் வரும். பெரியம்மாவின் பணியாரக் கல் காய்வதற்குள் ஊற்றினால் நடப்பதுதான் இங்கேயும். ஆனால் இவர் கெட்டதை மறுபடி கொப்பரையில் போட்டு உருக்கிவிடுவார்.

வேஷம்தான் பார்க்கவேண்டும். ஜூலை வெயிலில் முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் போதும், நொடியில் ஆவியாகி ஈயத்தைக் கூரைவரை வாரியிறைத்துவிடும். மரியாதைக்கு மோர் கொண்டுபோன என் மனைவியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் தின்பதும் குடிப்பதும் கூடாது. ஈயம் கைவழியாக வயிற்றுக்குள் போய்விடும். பேரப்பிள்ளைகளுக்கு அங்கே அனுமதியே இல்லை. ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று வருஷாவருஷம் பரிசோதனையும் செய்துகொள்கிறார். ஆக, ஆள் அசட்டுத் துணிச்சல்காரர் இல்லை.

ஆனால் பெரியப்பா, கஞ்சன். சோபாவையே தெருவில் தூக்கிப்போடும் ஊரில் இப்படியொருவர்! டயர் கடைகளில் சக்கரத்துக்குச் சமன் எடை ஒட்டுவார்களே, கழற்றிய அந்தத் துண்டுகளை வாளி வாளியாக வாங்கி வருவார். இப்போது அதில் பாதி இரும்பும் துத்தநாகமுமாக இருப்பதால் கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்துப் பிரிக்கிறார். துத்தநாகம் கலந்துவிட்டால் வார்ப்பு கெட்டுவிடுமாம். ஒரு பவுண்டு என்பது 7000 கிரெயின். அவருடைய குண்டு 230 கிரெயின். பவுண்டுக்கு 30 குண்டு என்று விரல்விட்டுச் சொல்வார். சுட்ட பிறகும் விடுவதில்லை. மண்மேட்டில் புதைந்த குண்டுகளைத் தோண்டி, சல்லடையில் சலித்து, மறுபடி கொப்பரை. மறுபிறவியில் நம்பிக்கை இல்லாத மனிதர்!

அவர் மனைவியிடம் வேறு கணக்கு இருக்கிறது. கொப்பரை, அச்சுகள், எடை பார்க்கும் தராசு, எல்லாவற்றுக்கும் மேலாக அவளுடைய டோஸ்டர் ஓவன். குண்டுக்கு வண்ணப்பொடி பூசி அதில்தான் சுட்டெடுக்கிறார். ஈயம் ஏறிய அடுப்பில் இனி ரொட்டி வாட்ட முடியாது. இந்தச் செலவையெல்லாம் சேர்த்தால் கடையிலேயே வாங்கியிருக்கலாம் என்கிறாள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

உங்களுக்கு எழுத உட்கார்ந்ததே இனி சொல்லப்போவதற்காகத்தான். போன வாரம் தாத்தா அலமாரியைத் திறந்து, பூட்டிவைத்திருந்த ஈயக் கட்டிகளைக் காட்டினார். ஏதோ பழைய பத்திரிகை ஆபீஸில் அச்செழுத்து வார்த்த லைனோடைப் உலோகம்! 84 பங்கு ஈயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். நியூயார்க் டைம்ஸ் 1978 ஜூலையில் ஈய எழுத்தைக் கைவிட்டது; மற்ற பத்திரிகைகளும் ஒவ்வொன்றாக விட்டன. அந்த உலோகத்தைப் பழைய சாமான் கடைகளிலிருந்து வாரிக்கொண்டவர்களில் குண்டு வார்ப்பவர்களும் உண்டாம். எழுத்தின் முனை மழுங்காமல் இருக்க ஆன்டிமனி. அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஈயம் நிறைய வெள்ளீயம். குண்டுக்கும் அதே தேவை. கொஞ்சம் எடுத்து மெத்தென்ற ஈயத்தில் கலந்தால் போதுமாம், பெருங்காயக் கணக்கில் செலவழிக்கிறார்.

கும்பகோணத்தில் எங்கள் பெரியப்பா டிரெடில் அச்சகம் வைத்திருந்தார், கல்யாணப் பத்திரிகையிலிருந்து கருமாதிப் பத்திரிகைவரை ஈய எழுத்துகளைக் கையாலேயே கோர்த்தவர் என்றேன். மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தமிழில் எத்தனை எழுத்து என்று கேட்டார். 247 என்றதும் கண் விரிந்ததே, மொழிப்பற்றினால் அல்ல. எழுத்து அடுக்கிய ஒரு கேஸ் எத்தனை பவுண்டு இருக்கும் என்பதுதான் அடுத்த கேள்வி.

அடுத்த முறை ஊருக்குப் போனால் பெட்டியில் கொஞ்சம் எடுத்துவரச் சொல்கிறார். ஏர்போர்ட்டில் இது எதற்கு என்று கேட்டால் உண்மையையும் சொல்ல முடியாது, பொய்யும் ஒட்டாது. அதனால் மறுத்துவிட்டேன். பரணில் இருந்த கேஸ்கள் இன்னும் இருக்கின்றனவா, இல்லை அண்ணன் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டானா? போட்டிருந்தால் கிலோ என்ன விலைக்கு என்று மறக்காமல் எழுதுங்கள். தாத்தா தினமும் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து அதைத்தான் கேட்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்